ஊழிய விசாவைப் புதுப்பித்த கதை: திருகோணமலைக்கு வருகிறவர்கள் கவனத்துக்கு

இலங்கையில் மத ஊழியர்களுக்கான வதிவிட விசாவைப் புதுப்பிக்கப் போகிறீர்களா? தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களாக இருந்தால், வேறு எதையும் தொடுவதற்கு முன்னால் உங்கள் பெயர் எந்தக் காகிதத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள். எங்களுக்கு விசா கிடைத்துவிட்டது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனால் பட்ட பாட்டின் எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அடுத்து வரும் குடும்பமாவது இப்படி அலையக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சுற்றுலா விசாவில் வந்து கூட்டம் நடத்திவிட்டுப் போவதைச் சிலர் பெரிய விசுவாசச் செயலாகச் சாட்சி சொல்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். நீங்கள் விமானம் ஏறிப் போய்விடுவீர்கள். விசாரணைக்கு யார் பதில் சொல்வது? உங்களை அழைத்த உள்ளூர்ப் போதகரும், வீட்டைத் திறந்து கொடுத்த ஏழைக் குடும்பமும்தான்.

அனுப்பிய சபையின் கடிதம், இங்குள்ள சபையின் கோரிக்கைக் கடிதம், குருப்பட்டச் சான்றிதழ் (போதகராக நியமிக்கப்பட்டதற்கான சான்று), இந்தியாவிலிருந்து காவல்துறை நற்சான்று எல்லாம் சிரமமில்லாமல் சேர்ந்தன. கிறிஸ்தவ சமய அலுவல்கள் திணைக்களத்தின் சிபாரிசு, பிறகு கொழும்புக்குப் பக்கத்தில் பத்தரமுல்லையில் குடிவரவுத் திணைக்களம், இதுதான் பாதை என்பது இங்கே ஊழியம் செய்கிற எல்லோருக்கும் தெரியும். இடையில் எங்கள் கோப்பு ஒரு மேசையில் மாட்டிக்கொண்டது. அது எந்த அலுவலகம் என்று நான் சொல்லப் போவதில்லை.

என் கணவரின் கடவுச்சீட்டில் குடும்பப்பெயருக்கான கட்டம் காலி. நம் ஊரில் பலருக்கும் அப்படித்தான். அவர் பெயரும் மாமனார் பெயரும் ஒரே கட்டத்தில் விரிவாக இருக்கின்றன. குருப்பட்டச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் நிற்கிறது. அனுப்பிய சபையின் கடிதத்தில் பின்னால். உள்ளூர்ச் சபை தட்டச்சு செய்த கடிதத்திலோ மாமனார் பெயர்தான் முழுதாக இருந்தது, கணவர் பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்கிவிட்டது. அந்த மேசைக்குப் பின்னால் இருந்தவர் நான்கையும் வரிசையாகப் பரப்பினார். தலையை நிமிர்த்தாமலே ஏதோ சொன்னார். சிங்களம். எங்களுக்குப் பின்னால் நின்றிருந்த கத்தோலிக்கக் கன்னியாஸ்திரி ஒருவர் மெதுவாகத் தமிழில் சொன்னார்: "இவை வெவ்வேறு ஆட்களின் பெயர்கள் என்கிறார், மகள். யாருக்கு விசா என்று கேட்கிறார்."

கணவர் பக்கத்திலேயே நிற்கிறார். கடவுச்சீட்டில் அவர் புகைப்படம் இருக்கிறது. இரவு பஸ் பிடித்து, கந்தளாய், ஹபரணை வழியாகக் குலுங்கிக்கொண்டு கொழும்புக்கு வந்து, முகம் கழுவிய கையோடு போய் நின்றிருக்கிறோம். 1987-இல் 13-வது திருத்தம் வந்ததிலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. என்றாலும் அன்று எங்களுக்கு மொழியாக இருந்தவர் அந்தச் சகோதரிதான். தன் சபையின் வெளிநாட்டுச் சகோதரி ஒருவரின் விசாவுக்காக வந்திருந்தவர், தன் முறையை விட்டுவிட்டு எங்களுக்காகப் பேசினார். சத்தியக் கடதாசி (நம் ஊரில் பிரமாணப் பத்திரம், affidavit) கொண்டு வரலாம் என்ற பதிலை வாங்கித் தந்ததும் அவரே. அந்த உதவியை நான் மறக்க மாட்டேன்.

திருகோணமலைக்குத் திரும்பினோம். சமாதான நீதவான் (Justice of the Peace) ஒருவரிடம் சத்தியக் கடதாசி முடித்தோம். அதை எடுத்துக்கொண்டு மறுபடியும் கொழும்பு. "இது போதாது, அவர் இந்தியர், இந்தியத் தரப்பின் உறுதிப்படுத்தல் வேண்டும்." இதை முதல் தடவையே சொல்லியிருந்தால் ஒரு பயணம் மிச்சமாகியிருக்குமே என்று கணவர் பணிவாகத்தான் கேட்டார். பதில் இல்லை, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். பிறகு இந்திய உயர்ஸ்தானிகராலயத்தில் அந்தக் கடதாசியை உறுதிப்படுத்தி வாங்கினோம். அங்கே வேலை சுருக்கமாக முடிந்தது. ஆகவே, உங்கள் பெயர் இரண்டு விதமாக இருந்தால், இரண்டும் ஒரே ஆளைக் குறிக்கும் என்ற சத்தியக் கடதாசியை உறுதிப்படுத்தலோடு கையில் வைத்துக்கொண்டே முதல் பயணத்தைத் தொடங்குங்கள். அதைவிட நல்லது, கடிதம் எழுதுகிற சபைச் செயலாளரிடம் கடவுச்சீட்டின் பிரதியைக் கொடுத்து, "ஐயா, இதில் உள்ளபடியே ஓர் எழுத்து மாறாமல் எழுதுங்கள்" என்று கேட்பது.

அடுத்த அடி நாட்காட்டியிலிருந்து வந்தது. கோப்பை வாங்கிக்கொண்ட அலுவலர் தன் கையாலேயே ஒரு துண்டுக் காகிதத்தில் தேதி எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் அது போயா தினம். பௌர்ணமிதோறும் இந்த நாட்டில் அரசு விடுமுறை, அலுவலகம் பூட்டியிருக்கும். தொலைபேசியில் திரும்பத் திரும்ப அழைத்தும் எடுப்பார் இல்லை. வேறு வழியில்லாமல் போயாவுக்கு மறுநாள் போய் நின்றோம். "கொடுத்த தேதியில் வரவில்லையே, புதுத் தேதி வாங்குங்கள்" என்றார்கள். துண்டுக் காகிதத்தைக் காட்டினேன். அதில் இருந்தது அவருடைய கையெழுத்து. அதைப் பார்த்தவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார், பிறகு கோப்பை எடுத்தார். அந்தத் துண்டை மட்டும் தூக்கி எறிந்திருந்தால் இன்னொரு இரவு பஸ்ஸில்தான் உட்கார்ந்திருப்போம். எந்த மேசையில் எதை எழுதிக் கொடுத்தாலும் பத்திரமாக வையுங்கள். தேதி சொன்னால் அங்கேயே போயா நாட்காட்டியைப் பார்த்துவிடுங்கள்.

முகவரிச் சான்றும் சிக்கலாகும் என்று பயந்தேன். உப்புவெளியில் நாங்கள் இருக்கும் வாடகை வீட்டின் மின்கட்டணச் சீட்டு வீட்டுக்காரரின் காலமான தகப்பனார் பெயரில் வருகிறது. ஆனால் எங்கள் கிராம உத்தியோகத்தர் அம்மா வீட்டுக்கே வந்து பார்த்தார், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை விசாரித்தார், கடிதம் கொடுத்தார். பிரதேச செயலகத்தின் மேலொப்பமும் அன்றே கிடைத்தது. பாதி நாளில் முடிந்த ஒரே வேலை அது.

இந்த அலைச்சலில் எனக்கு அதிகமாக வலித்தது பணமோ தூக்கமோ இல்லை. மூதூர்ப் பக்கத்தில் மீனவக் குடும்பத்துப் பெண்கள் சிலரோடு மாற்கு சுவிசேஷம் படித்துவந்தோம். 2009-இல் திறந்த கிண்ணியாப் பாலத்தைக் கடந்து பஸ்ஸில் போய்வர ஒரு நாள் சரியாகிவிடும். கருவாட்டு வேலை முடிந்து, பிள்ளைகள் பள்ளியிலிருந்து வருவதற்குள் கிடைக்கும் பொழுதில்தான் அவர்கள் உட்கார முடியும். நான் கொழும்பில் வரிசையில் நின்ற வாரங்களில் அந்தப் பொழுது வீணாகிவிடுமே என்று அழுதிருக்கிறேன். வீணாகவில்லை. ஆரம்பத்திலிருந்தே எங்களுக்குள் ஓர் ஒழுங்கு உண்டு: இந்த வாரம் படித்த பகுதியை அடுத்த வாரத்துக்குள் ஒவ்வொருவரும் வேறு ஒருவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பவுல் தீமோத்தேயுவுக்குச் சொன்ன வழி அதுதானே. நான் இல்லாதபோது, ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒரு சகோதரி வேதாகமத்தைத் திறந்து, "அக்கா வரும்வரை நாம் படிப்போம்" என்று தொடங்கிவிட்டார்.

ஒரு நாள் கொழும்பு வரிசையில் நிற்கும்போது அவரிடமிருந்து குரல்பதிவு வந்தது. நான்காம் அதிகாரம், புயலில் படகு. இயேசு படகின் பின்பக்கம் தலையணை வைத்துத் தூங்கினார் என்று வாசித்திருக்கிறார்கள். "அக்கா, எங்கள் வள்ளத்தில் எஞ்சின் பூட்டுவது பின்பக்கம். ஓட்டுகிறவர் அங்கேதான் இருப்பார். அவர் பக்கத்திலேயே ஆண்டவர் தூங்கியிருக்கிறாரே! ஓட்டுகிறவர் குனிந்து தொட்டாலே எழுப்பியிருக்கலாம். தண்ணீர் நிரம்பும் வரைக்கும் ஏன் எழுப்பவில்லை?" இத்தனை வருடம் வேதபாடம் நடத்தியிருக்கிறேன், யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. அந்தக் கேள்வியை வைத்தே அவர்கள் அடுத்த வாரத்தையும் நடத்தினார்கள். ஜெபிக்கத் தாமதித்த தங்கள் கதைகளை ஒவ்வொருவராகச் சொன்னார்களாம்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இலங்கை அரசியலமைப்பின் 10-வது உறுப்புரை மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தை எல்லா மனிதருக்கும் கொடுக்கிறது. மதத்தை வழிபாட்டிலும் போதனையிலும் வெளிப்படுத்தும் உரிமையைச் சொல்லும் 14-வது உறுப்புரையோ குடிமக்களைப் பற்றியது. நாம் குடிமக்கள் அல்ல. 2003-இல் உச்ச நீதிமன்றம், மதத்தைப் பரப்புவதை அடிப்படை உரிமையாக அரசியலமைப்பு அங்கீகரிக்கவில்லை என்று கூறியது. 2004-இல் மதமாற்றத் தடை மசோதா ஒன்றும் வந்தது, சட்டமாகவில்லை. அதே ஆண்டின் கடைசியில் சுனாமி. உதவிப் பொருளோடு மதத்தையும் கொண்டுவந்தார்கள் என்ற குற்றச்சாட்டு அதற்குப் பிறகு வலுத்தது, இந்தக் கரையில் இன்றும் அந்தச் சந்தேகம் உண்டு. அதனால் நாங்கள் இந்த வேதபாட வகுப்புக்குப் போகும்போது அரிசிப் பையோ பிள்ளைகளுக்குப் புத்தகப் பையோ கொண்டுபோவதில்லை. உதவி தேவைப்பட்டால் அதை உள்ளூர்ச் சபை, எல்லாச் சமயத்தாருக்கும், வேறு நாளில் செய்யும். கூட்டம் நடப்பது உள்ளூர் விசுவாசியின் வீட்டில், பொறுப்பு உள்ளூர்ப் போதகருடையது. நாங்கள் ஏற்கெனவே விசுவாசிகளாக இருப்பவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறோம். விசா படிவத்தில் பணி என்ன என்ற இடத்திலும் அதைத்தான் எழுதினோம், நேர்காணலில் கேட்டபோதும் அதையே சொன்னோம். மிஷனரி இல்லாவிட்டால் நின்றுபோகும் வகுப்பு, விசா தாமதமான முதல் வாரத்திலேயே செத்துவிடும். ஊழியத்தைத் தொடங்கும் நாளிலேயே இதை யோசியுங்கள்.

இன்னும் சில. கடவுச்சீட்டு அலுவலகத்தில் இருக்கும் காலத்தில் அதன் பிரதியையும் ஒப்புக்கொண்ட ரசீதையும் எப்போதும் பையில் வையுங்கள். சிங்களமும் தமிழும் தெரிந்த சபை விசுவாசி ஒருவரை அழைத்துப் போங்கள், அவருக்குப் பயணச் செலவையும் சாப்பாட்டையும் கொடுங்கள். கொழும்புக்கு இரவு ரயிலும் உண்டு. சிறு பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு பஸ்ஸைவிட அது எவ்வளவோ மேல். விசா முடிவதற்குச் சில மாதங்கள் முன்பே வேலையைத் தொடங்குங்கள். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் பாதைகளில் வெள்ளம் ஏறிவிட்டால் நினைத்த நாளில் போய்ச் சேர முடியாது.

கடைசியாக ஒன்று. முத்திரை விழுந்த கடவுச்சீட்டு கைக்கு வந்ததும் கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிடாதீர்கள். அங்கேயே திறந்து, பெயர், கடவுச்சீட்டு எண், முடிவுத் தேதி மூன்றையும் வாசியுங்கள். எங்கள் மகளுடையதில் முடிவுத் தேதி எங்களுடையதற்கு ஒரு மாதம் முன்னால் போடப்பட்டிருந்தது. "அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்" என்றார்கள். ஒரு மாதம் முன்பாகப் பிள்ளையை மட்டும் ஊருக்கு அனுப்புவதா? நான் நகரவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. மூன்று கடவுச்சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்து, தேதிகளின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். மேலதிகாரி ஒருவர் எழுந்து வந்தார், பார்த்தார், மதிய இடைவேளைக்கு முன்னால் திருத்திக் கொடுத்துவிட்டார். அன்று இரவே திருகோணமலைக்குத் திரும்பினோம். அந்த வாரம் மூதூர் வகுப்புக்கு நானும் போனேன், பாடத்தை அந்தச் சகோதரியே நடத்தினார்.