ஆழித்தேர் கற்றுக்கொடுத்த கழுந்து

பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூரில் மரச்சிற்பம் செதுக்குகிறவர்கள், ஒட்டுப்போடாமல் முழு உருவத்தையும் ஒரே கட்டையிலிருந்து எடுப்பதையே தொழிலின் மானமாகக் கருதுவார்கள். வாகைக் கட்டையைக் கிடத்தி, கொட்டாப்புளியும் உளியுமாக அப்படியே தொழில் பழகிய எனக்கு, துண்டுகளை இணைத்துச் செய்யும் வேலை இரண்டாம்தரமாகவே தோன்றி வந்தது. அந்த எண்ணத்தைத் திருவாரூர்த் தியாகேசர் மாற்றினார்.

பங்குனி உத்திரப் பெருவிழாவின் தேரோட்ட நாளில், விடியும் முன்பே கமலாலயத்தில் நீராடிவிட்டுத் தேரடிக்கு வந்து சேர்ந்தேன். அப்பர் பெருமான் பாடிய ஆழித்தேர் என்ற பெயரே மெய்சிலிர்க்க வைத்தது. அலங்காரத்தோடு 96 அடி உயரம் என்றாலும், மூங்கிலும் சீலையும் தொங்கும் துணிக்குழல்களான தொம்பையும் நீங்கலாக மரத்தேர் 30 அடிதான். என் கண்கள் அங்கேயே நின்றுவிட்டன. எண்ணெய் ஊறிக் கருத்த யாளி ஒன்றின் வாய்க்குள் எட்டிப் பார்த்தேன். பல்வரிசைக்குப் பின்னால், நாக்கின் அடியில், யாரும் பார்க்கப்போவதில்லை என்று நாமெல்லாம் விட்டுவிடும் இடத்திலும், அரிசி அகலத்துக்கு உளித்தடம் ஒழுங்காக ஓடியிருந்தது. அந்தக் கையை நினைத்துக் கும்பிட்டேன். 1926-இல் தீக்கிரையான பழைய தேரில் இப்படி எத்தனை யாளிகள் இருந்தனவோ, அவற்றைக் காணக் கொடுத்துவைக்கவில்லையே என்று மனம் கனத்தது.

தேரின் மர அடுக்குகளான பார்கள், துளைக்குள் பொருந்தும் கழுந்து என்னும் மரமுளையால் ஒன்றன்மேல் ஒன்று அமரும் இடத்தில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, முட்டுக்கட்டையோடு நின்ற முதிய தச்சர் ஒருவர், "தம்பி, கழுந்தை ரொம்ப இறுக்கிட்டா, வீதி திரும்பும்போது விட்டுடும். தேர் ஆடுறதுக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கணும்" என்றார்.

திருமாலின் மார்பில் வீற்றிருந்து, அவர் மூச்சின் ஏற்ற இறக்கத்துக்கேற்ப ஆடிய பெருமான் இவர் என்பதும், அதுவே அஜபா நடனம் என்பதும் சிறுவயதிலிருந்து நான் கேட்டு வளர்ந்த கதை. ஆயினும், தேரில் எழுந்தருளியிருந்த அவரை அண்ணாந்து பார்த்து, "ஆரூரா, தியாகேசா" என்ற முழக்கத்துக்கிடையே வடம் பிடித்தபோதுதான் தச்சர் சொன்னது உள்ளே இறங்கியது. இப்போது சக்கரமும் அச்சும் இரும்பு. நிறுத்துவதற்குத் திருச்சி பெல் நிறுவனத்தின் ஹைட்ராலிக் பிரேக் இருக்கிறது. மேலே மரம் மரமாகவே இருக்கிறது. தேர் அசைந்ததும் நூற்றுக்கணக்கான பொருத்துகள் ஒருசேர முனகி, நெகிழ்ந்து, மீண்டும் தத்தம் இடத்தில் அமர்ந்த ஓசையைக் கேட்டேன். எம்பெருமானின் மூச்சாகவே அதைக் கேட்டேன். என் கண்கள் நிறைந்தன.

ஊர் திரும்பியதும் ஓரடி உயரத்தில் ஒரு சிறுதேரைத் தொடங்கினேன். மூன்று கழுந்துகள் இறுகிப் பிளந்துவிட்டன, நான்காவதை இழைத்துக்கொண்டிருக்கிறேன்.