வெல்லெஸ்லி அண்ணன் தம்பி கடிதங்கள்: தேடப் போகிறவர்களுக்குச் சில எச்சரிக்கைகள்

பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆன ஆர்தர் வெல்லெஸ்லி 1797 முதல் 1805 வரை இந்தியாவில் படை அதிகாரி. 1798-லிருந்து அவருடைய அண்ணன் ரிச்சர்டு இங்கே கவர்னர் ஜெனரல். இருவரும் சொந்த முறையில் எழுதிக்கொண்ட கடிதங்களை மூலத்திலேயே படித்துவிட வேண்டும் என்று கிளம்பினால், போகும் நாட்களில் பாதி பெயரிலேயே வீணாகும்.

1797-ல் கல்கத்தாவில் இறங்கிய கர்னல் ஆர்தரின் பெயர் 'வெஸ்லி'. 1798 மே மாதத்தில்தான் 'வெல்லெஸ்லி' என்று கையெழுத்துப் போட ஆரம்பித்தார். 1802-ல் மேஜர் ஜெனரல், 1804-ல் சர், 1809-க்குப் பிறகுதான் வெலிங்டன். அண்ணன் 1799 டிசம்பர் வரை மார்னிங்டன் பிரபு, அதன்பின் மார்க்வெஸ் வெல்லெஸ்லி. ஆகவே 1800-க்குப் பிந்திய அட்டவணைகளில் வெறும் 'வெல்லெஸ்லி' என்று இருந்தால் அது பெரும்பாலும் அண்ணன். காப்பகத்தில் தாள் கேட்கும் சீட்டில் அதை மட்டும் எழுதிக் கொடுத்தால் தேடாத கட்டுதான் மேசைக்கு வரும். ஆண்டுக்கு ஏற்ற பதவியையும் சேர்த்து எழுத வேண்டும். ஒரு காப்பகத்தில் 'வெலிங்டன்' என்று எழுதிக் கொடுத்ததற்குக் கவுண்டரில் இருந்தவர், "அது குன்னூர் பக்கம் சார், நீலகிரி ரெகார்டைப் பாருங்க" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது, அந்த ஊருக்கே இவர் பெயர்தான். ஆனால் ஒரு முழு நாள் போனது போனதுதான்.

அடுத்த தவறு, எழுதியவரின் பெட்டியில் தேடுவது. போய்ச் சேர்ந்த கடிதம் பெற்றவரிடம்தான் இருக்கும், எழுதியவரிடம் மிஞ்சுவது நகல்தான். தம்பி அனுப்பியவற்றை அண்ணனின் தாள்களில் பார்க்க வேண்டும். அவை லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் கூடுதல் கையெழுத்துப்படி வரிசையில் 12564 முதல் 13915 வரையிலான எண்களில் உள்ளன. தம்பியின் தாள்கள் 1983 முதல் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில். ஒரே ஊரில் தங்கி இரண்டையும் முடித்துவிடலாம் என்று டிக்கெட் போடாதீர்கள். வாசகர் அட்டை, பென்சில், முன்பதிவு எல்லாம் வழக்கம்போல.

மூன்றாவது, முகவரி. கவர்னர் ஜெனரல் என்றால் கல்கத்தா என்று நினைத்து அந்த ஊர் ஆவணத் தொடரையே புரட்டுவோம். ஆனால் ரிச்சர்டு 1798 டிசம்பர் கடைசி நாளில் சென்னை வந்துவிட்டார். திப்புவுடனான போரைப் புனித ஜார்ஜ் கோட்டையில் உட்கார்ந்தபடிதான் நடத்தினார். அதே டிசம்பரில் ஆரணியில் கர்னல் ஆஸ்டன் டூயலில் (இருவர் சவால் விட்டு மோதும் துப்பாக்கிச் சண்டை) குண்டடிபட்டு இறந்ததால் அவர் கீழிருந்த படையின் பொறுப்பு ஆர்தர் கைக்கு வந்தது. வேலூரிலிருந்தும் ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகை முகாமிலிருந்தும் அவர் எழுதியவை வந்து சேர்ந்த இடம் சென்னை. 1799 ஏப்ரல் 5 இரவு சுல்தான்பேட்டைத் தோப்பைத் தாக்கித் தோற்றதைப் பற்றி ஏப்ரல் 18-ல் அண்ணனுக்கு எழுதிய கடிதமும் அப்படித்தான். பகலில் வேவு பார்க்காத, எதிரி தயாராக இருக்கும் நிலையை இனி இரவில் தாக்க விடமாட்டேன் என்று தம்பி ஒப்புக்கொள்ளும் கடிதம் அது. மேலதிகாரிக்கு அனுப்பும் போர் அறிக்கையில் இப்படி ஒரு வரியை எதிர்பார்க்க முடியாது.

ஊர்ப் பெயர்களை இன்றைய எழுத்தில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. ஸ்ரீரங்கப்பட்டணம் 'செரிங்கபட்டம்', பாளையக்காரர் 'பாலிகார்'. வயநாட்டுப் பழசி ராஜா 'பைச்சி ராஜா'. அவருடைய வடமலபார்க் கோட்டயம் 'கொட்டியோட்'. இந்தக் கடைசிச் சொல் தெரியாததால் மலபார்க் கடிதங்களை மொத்தமாகத் தவறவிட்டவர்கள் உண்டு. பழைய எழுத்துகளை ஒரு தாளில் எழுதிக் கையோடு எடுத்துப் போங்கள்.

சீட்டு 'தாள் நொறுங்கும் நிலை, தர இயலாது' என்ற முத்திரையோடு திரும்பி வந்தால் சண்டை போட்டுப் பயனில்லை. அந்தக் காலத்தில் முக்கியமான கடிதத்துக்கு இரண்டு, மூன்று நகல் எடுப்பார்கள். அதே தேதியை ராணுவத் துறை, ரகசியத் துறைத் தொடர்களில் பாருங்கள், எங்காவது ஒரு நகல் நல்ல நிலையில் இருக்கும். ஆனால் 'பிரைவேட்' என்று தலையில் குறித்தவை அரசுத் தொடர்களுக்குள் போகாது. அவற்றுக்குக் குடும்பத் தாள்கள்தான் கதி.

அச்சில்தான் இருக்கிறதே, எதற்கு இந்த அலைச்சல் என்பவர்களுக்கு: 1834 முதல் கர்வுட் என்பவர் பதிப்பித்த ஆர்தரின் கடிதத் தொகுதிகளில் பல பெயர்களுக்குப் பதில் வெறும் கோடுதான் இருக்கும். அப்போது பலர் உயிரோடு இருந்தார்கள். சொந்தக் கடிதங்கள் கணிசமாக வெளிவந்தது ஆர்தரின் மகன் 1858-லிருந்து கொண்டுவந்த துணைத் தொகுதிகளில்தான். மூலத்துக்குப் போகுமுன் இதன் இந்தியப் பகுதியை முடித்துவிடுங்கள். கையெழுத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கும் நேரம் பாதியாகக் குறையும்.

அண்ணன் தம்பிக்குள் கோபம் வந்த மாதங்களில் இருவருக்கும் இடையிலான கட்டைத் தேடினால் சலித்துப்போவீர்கள். திருகோணமலையில் படை திரட்டிக்கொண்டிருந்த ஆர்தருக்கு மேலே 1801-ல் ரிச்சர்டு ஜெனரல் பேர்டை நியமித்தார். அந்த மனக்கசப்பை ஆர்தர் அண்ணனிடம் நேராகக் கொட்டவில்லை. மார்ச்சில் பம்பாயிலிருந்து எழுதியது இன்னொரு சகோதரர் ஹென்றிக்கு. ஹென்றி ரிச்சர்டின் அந்தரங்கச் செயலாளராக இருந்தவர், அவரிடம் சொன்னால் அண்ணன் காதுக்குப் போய்விடும். கொலையோ கொள்ளையோ செய்தேனா என்று கேட்கிற தொனி. ரிச்சர்டு பெயரில் மட்டும் தேடினால் இது கையில் சிக்காது.

ஒவ்வொரு கடிதத்திலும் விளிப்பைத் தனி நெடுவரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள். 'மை டியர் மார்னிங்டன்' என்று தொடங்கியவர் பேர்டு விவகாரத்துக்குப் பிறகு 'மை லார்டு' என்று எழுதுவதைத் தேதிவாரியாக அடுக்கினால்தான் பார்க்க முடியும். அண்ணனின் பட்டம் மாறியது 1799 கடைசியில், பிணக்கு வந்தது 1801-ல். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க, தேதிக்குப் பக்கத்திலேயே அன்றைய பட்டத்தையும் எழுதிவையுங்கள்.