சூடேறினால் கிளம்ப மறுத்த 36 வோல்ட் புல்வெட்டி

பழைய மின்சாரப் புல்வெட்டி ஒருவழியாக வழிக்கு வந்துவிட்டது. வெட்டி முடித்த சூட்டோடு அணைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினாலும் உடனே கிளம்புகிறது. இதுவரை அது காட்டிய பிடிவாதம் கொஞ்சமல்ல. காலையில் ஒழுங்காகக் கிளம்பும். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கி, மறுபடி ஏறி உட்கார்ந்தால் கான்டாக்டரின் (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் காந்த ஸ்விட்சின்) ‘டக்’ சத்தம்கூட வராது. நிழலில் நிறுத்தி ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும்.

பேட்டரிகள்மீது எனக்குச் சந்தேகம் இல்லை. ஆறு 6 வோல்ட் பேட்டரிகளும் முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும்போது மொத்தம் 38.2 வோல்ட்; அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் எல்லா அறைகளும் முழு சார்ஜுக்குரிய 1.265-ஐ ஒட்டி நின்றன. மோட்டாரையும் தொடவில்லை. ‘டக்’ சத்தமே வராதபோது பிரஷ்களைக் கழற்றிப் பார்ப்பது வீண் வேலை. கோளாறு காயில் சுற்றில், அதாவது கான்டாக்டரை இழுக்கும் கம்பிச்சுருளுக்கு மின்சாரம் தரும் சுற்றில்தான் இருக்க வேண்டும்: சாவி, சீட் ஸ்விட்ச், பிரேக் ஸ்விட்ச், வெட்டுத்தகடு ஸ்விட்ச் எல்லாம் ஒரே தொடரில் வரும் அந்த மெல்லிய கம்பிகள்.

இங்கேதான் பலரும் புதுக் கான்டாக்டர் வாங்கிக் காசைக் கரைக்கிறார்கள். காயில் கம்பியைக் கழற்றி அதன் முனையில் மல்ட்டிமீட்டரை வைத்தால் ஏறக்குறைய 37 வோல்ட் காட்டுகிறது; ஆகவே கம்பி நன்றாக இருக்கிறது, காயில்தான் போய்விட்டது என்று முடிவுகட்டுகிறார்கள். மீட்டரின் உள்தடை 10 மெகாஓம். அதன் வழியே ஓடுவது 4 மைக்ரோஆம்பியர்கூட இல்லை. அரித்துப்போன இணைப்புகூட அந்தச் சொற்ப மின்னோட்டத்தைத் தாராளமாகக் கடத்திவிடும். அந்த 37 வோல்ட்டை நம்பவே கூடாது.

காயிலைக் கழற்றாமல், சாவியைப் போட்டபடி, சீட்டில் மணல்மூட்டையை வைத்துவிட்டு அளக்க வேண்டும். (சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கிவைத்து, மோட்டாருக்குப் போகும் தடித்த கேபிளைக் கழற்றிவிட்ட பிறகுதான்.) மீட்டரின் இரு முனைகளையும் ஒரே ஸ்விட்சின் இரு பக்கமும் வைத்தால், நல்ல ஸ்விட்ச் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும். சாவியில் 0.1 வோல்ட். பிரேக்கில் 0.2. சீட் ஸ்விட்சிலும் 0.1தான். ஆனால் அதே சீட் ஸ்விட்சை அதன் கம்பி முனையையும் சேர்த்து அளந்தபோது 6.6 வோல்ட்! வெளியே உறை புதிதுபோலப் பளபளத்தது. கத்தியால் கீறிப் பார்த்தால் உள்ளே பச்சைத் தூள், கறுத்த செம்பு இழைகள். கணக்கிட்டால் அந்த ஓர் இணைப்பிலேயே சுமார் 12 ஓம் தடை.

சூட்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? கான்டாக்டரை இழுப்பது காயிலில் ஓடும் மின்னோட்டம். ஆறியிருக்கும்போது காயில் 47 ஓம்; 12 ஓம் தடை குறுக்கே நின்றாலும் 0.65 ஆம்பியர் கிடைத்தது, இழுத்தது. செம்பின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.39 சதவீதம் கூடும். 40 டிகிரி சூடேறிய காயில் 54 ஓம் தாண்டிவிட்டது; பேட்டரியும் 36.8-க்கு இறங்கியிருந்தது. மின்னோட்டம் 0.55. அது போதவில்லை. இப்போது அதே சூட்டில் 0.67 கிடைக்கிறது.

பழுது பார்த்தது சிறு வேலை. பளபளக்கும் செம்பு தெரியும்வரை வெட்டி, வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியை இணைத்து, புது முனையை அழுத்தி, பசையுள்ள சுருங்குகுழாய் போட்டேன். முனையை அழுத்த, முழுதாக அழுந்தும்வரை பிடியை விடாத ராட்செட் கருவி கட்டாயம். சாதாரணக் குறடால் நசுக்கிய முனைகளில்தான் இந்த அரிப்பு சீக்கிரம் புகுகிறது. வெள்ளீயம் பூசிய கம்பி வேண்டுமானால் படகுச் சாமான் விற்பவர்களிடம் கேளுங்கள். கான்டாக்டர் உண்மையிலேயே போயிருந்தால் கோல்ஃப் வண்டி, ஃபோர்க்லிஃப்ட் உதிரிபாகக்காரர்களிடம் 36 வோல்ட்டில் கிடைக்கும். தொடர்ந்து இயங்கத்தக்கதா என்று கேட்டு உறுதிசெய்த பிறகே வாங்க வேண்டும். பார்வைக்கு அதேபோல இருக்கும் ஸ்டார்ட்டர் சோலினாய்டு சில நொடிகளுக்கென்றே செய்யப்பட்டது. தொடர்ந்து ஓட்டினால் கருகிவிடும்.

அடுத்து காயிலின் குறுக்கே டயோடு (மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் சிறு பாகம்) போட வேண்டும். அணைக்கும்போது எழும் மின்னழுத்தம்தான் சாவியின் முனைகளைத் தீய்க்கிறது. வெறும் டயோடு போட்டால் கான்டாக்டர் மெதுவாக விடுபட்டு அதன் முனைகள் பொரியும் என்பதால், ஒரு ஜீனரையும் (குறிப்பிட்ட மின்னழுத்தத்தைத் தாண்டினால் எதிர்த்திசையிலும் கடத்தும் டயோடு) தொடரில் சேர்க்கப் போகிறேன்.

லித்தியம் ஆசையும் விடவில்லை. 3.2 வோல்ட் செல்கள் 12 சேர்த்தால் 38.4, கச்சிதம். ஆனால் பின்சக்கரங்களுக்குப் பிடிப்பைக் கொடுப்பதே இந்த ஈய பேட்டரிகளின் எடைதான்; சரிவில் வெட்டுகிறவன் அதை இழக்க எனக்கு மனமில்லை. பழைய சார்ஜரையும் மாற்ற வேண்டியிருக்கும். வெட்டுத்தகடு மோட்டார்களின் சுற்றில் இதே வயதுள்ள முனைகள் இன்னும் இருக்கின்றன. அவற்றையும் இதே முறையில் அளந்த பிறகுதான் டயோடு வேலையைத் தொடுவேன்.