இரண்டு அங்குல வயர்

யாழ்ப்பாணக் கரையோரத்து ஐஸ் தொழிற்சாலை ஒன்றில், 2022இன் கடைசியில், குளிரூட்டப் பயன்படும் நச்சு வாயுவான அமோனியாவின் கசிவு எச்சரிக்கை அமைப்பைப் பரிசோதிக்கப் போயிருந்தேன். பரிசோதனை வாயுவைச் சென்சரில் பிடித்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது, சைரன் ஊதியது, வால்வு மட்டும் அசையவில்லை. கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால், சென்சர் சொன்னதும் வால்வுக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சான ரிலேயின் இரு முனைகளையும் இணைத்து இரண்டு அங்குல நீல வயர் ஒன்று பூட்டப்பட்டிருந்தது; ரிலே துண்டித்தாலும் மின்சாரம் அதன் வழியே போய்க்கொண்டிருக்கும். அவசர வேலை அல்ல. டேப் சுற்றி, நேர்த்தியாகச் செய்யப்பட்டிருந்தது.

அமோனியாத் தாங்கியிலிருந்து திரவம் வெளியேறும் குழாயில் இருக்கும் அந்தச் சொலினொயிட் (மின்காந்த) வால்வு, மின்சாரம் உள்ளவரை திறந்திருக்கும். சென்சர் கசிவை உணர்ந்தாலும், மின்சாரமே நின்றாலும், ஸ்பிரிங் அதை மூடிவிடும். எது பழுதானாலும் மூடிய நிலைக்கே போகவேண்டும் என்பதுதான் கணக்கு. மணத்திலேயே பிடித்துவிடலாம் என்பார்கள். ஆனால் நாளெல்லாம் அங்கே நிற்பவரின் மூக்கு அந்த மணத்துக்குப் பழகிப்போகும். உயிருக்கு உடனடி ஆபத்தான அளவாகக் கொள்ளப்படுவது 300 பிபிஎம், அதாவது காற்றின் பத்து லட்சம் பங்கில் 300 பங்கு.

அந்த வருடம் மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. ஒவ்வொரு தடவையும் கரண்ட் வந்தபின் சென்சர் நிலைக்கு வரும்வரை காத்திருந்து, தாங்கிக்குப் பின்னால் போய் ரீசெட் பொத்தானை அழுத்த வேண்டும்.

"தம்பி, இப்பிடி நிண்டு நிண்டு ஓடினால் விடிய ஐஸ் எங்கை? போட்டெல்லாம் கரையிலை நிக்கும்," என்றார் இயந்திரங்களை இயக்கும் அண்ணை. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அவருக்குத் தெரிந்த கரண்ட் வேறு, அந்த அமைப்பை வடிவமைத்தவர்கள் மனதில் வைத்திருந்த கரண்ட் வேறு.

இங்கிலாந்தின் பன்ஸ்பீல்ட் எண்ணெய்க் களஞ்சியத்தில் 2005 டிசெம்பர் 11 அன்று, அளவுமானி சிக்கிக்கொண்டதால் பெற்றோல் தாங்கி நிரம்பி வழிந்து வெடித்தது. கடைசிக் காவலாக இருந்த உயர்மட்ட சுவிட்சும் வேலை செய்யவில்லை; அதன் பரிசோதனை நெம்புகோலை உரிய நிலையில் பிடித்து வைக்கவேண்டிய சிறு பூட்டு மாட்டப்படாமலே விடப்பட்டிருந்தது. அங்கே ஒரு பூட்டு, இங்கே ஒரு வயர். இரண்டுமே வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணில் படாதவை.

வயரைக் கழற்றினால் மட்டும் போதாது, அடுத்த மின்வெட்டில் இன்னொன்று வந்திருக்கும். ஆகவே சென்சருக்கும் வால்வுக்கும் தனி பற்றரி கொடுத்தோம். பராமரிப்புக்காக அமைப்பை நிறுத்தவேண்டி வந்தால் சாவிச் சுவிட்ச் ஒன்று. அது ஒரு மணித்தியாலத்தில் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பும், அதுவரை மஞ்சள் விளக்கு மின்னிக்கொண்டிருக்கும். மாதப் பரிசோதனையில் இப்போது அண்ணை சிவப்பு விளக்கைப் பார்ப்பதில்லை. வால்வின்மேல் உள்ளங்கையை வைத்து, அது விழும் அதிர்வை உணர்ந்த பிறகே பதிவேட்டில் கையொப்பமிடுகிறார்.