முதலில் பந்து, அப்புறம் பயிற்சி

மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட முதுகுவலியாம். எனக்கு அதைத் தாண்டி எத்தனையோ மாதம் ஓடிவிட்டது. சிங்கப்பூரில் நான் போகும் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) டாக்டர் எடுத்தவுடன் கேட்ட கேள்விகள்: சிறுநீர் அடக்க முடியாமல் போகிறதா, கால் மரத்துப் போகிறதா, காரணமில்லாமல் எடை இறங்கியதா? இதில் ஒன்று இருந்தாலும் பயிற்சி எல்லாம் பிறகுதான், உடனே வர வேண்டும் என்றார். எனக்கு எதுவும் இல்லை. மாதவிடாய் நின்றவர்களுக்கு எலும்பு வேகமாக மெலியும் என்பதால் எலும்பு அடர்த்திச் சோதனையும் எடுத்தார்கள். கொஞ்சம் மெலிந்துதான் இருந்தது. அதனால் குனிந்து கால்விரலைத் தொடுவது, படுத்து எழும் 'சிட்-அப்' இரண்டும் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இயன்முறை சிகிச்சையாளர் என் பேத்தி வயதுச் சீனப் பெண். "ஆன்ட்டி, முதலில் பந்து, அப்புறம் பயிற்சி" என்றாள். அந்த வரிசைதான் எனக்குக் கைகொடுத்தது. பந்தால் தசையை அமுக்கிவிட்டால் வரும் சுகம் கொஞ்ச நேரத்தில் போய்விடும். அது போவதற்குள் பயிற்சியை முடித்துவிட வேண்டும். நம்மில் பலர் தைலம் தேய்த்து, சுகம் வந்ததும் படுத்துவிடுகிறோம்.

பழைய நீளக் காலுறைக்குள் டென்னிஸ் பந்தைப் போட்டு, மறுமுனையைத் தோள்வழியாகப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய வேண்டும். முதுகுத்தண்டின் மேல் பந்து படவே கூடாது. அதற்கு இரண்டு பக்கமும் உள்ள தசையில்தான் வைக்க வேண்டும். முழங்காலை லேசாக மடக்கி நிமிர்ந்தால் பந்து உருளும். இறுகிய இடம் தட்டுப்பட்டால் அங்கேயே நிறுத்தி, அரை நிமிடம் மூச்சை மெதுவாக விட வேண்டும். வலி காலுக்கு இறங்கினால் பந்தை நகர்த்திவிட வேண்டும். இடுப்புதான் வலிக்கிறது என்று இருந்தேன், பிட்டத்துத் தசையில் வைத்தபோதுதான் 'அம்மா!' என்று கத்தினேன். காலுறை எதற்கென்றால், வீவக அடுக்குமாடி வீட்டில் பந்து தரையில் குதித்தால் கீழ்வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் அழுத்த வேண்டாம்.

உடனே கட்டிலில் மல்லாந்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மெத்தையோடு அழுத்தி ஐந்து எண்ணி விடுவேன். அடுத்து இடுப்பைத் தூக்கும் 'பிரிட்ஜ்'. தொடையின் பின்புறம் தசை பிடித்துக்கொண்டே இருந்தது. அந்தப் பெண் என் குதிகாலைப் பிட்டத்துக்கு அருகில் இழுத்து வைத்தாள், நின்றுவிட்டது. கடைசியாக, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. ஒவ்வொன்றும் பத்து முறை.

மகள் ஆசையாக ஓர் இடுப்பு பெல்ட் வாங்கித் தந்தாள். 2023-இல் வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு அதைப் பரிந்துரைக்கவில்லை என்று அவளே படித்துவிட்டு எடுத்து வைத்துவிட்டாள்.

வலி முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு உட்காராமல் வீடு வந்துவிடுகிறேன். தோசைக்கல் முன்னால் நிற்பதுதான் இன்னும் சிரமம். அதற்கும் அந்தச் சிகிச்சையாளர் பெண் ஒரு வழி சொன்னாள்: ஒரு காலைக் குட்டி முக்காலி மேல் வைத்துக்கொள்வது, நாலு தோசைக்கு ஒரு தடவை காலை மாற்றிக்கொள்வது.