தாமிரபரணிக் கரையில் ஞாயிற்றுக்கிழமைகள்

5-1-2025, பாபநாசம் முதல் அம்பாசமுத்திரம் வரை

ஆற்றங்கரையோர நடையை ஒருவழியாகத் தொடங்கிவிட்டோம், நானும் மைனியும். அண்ணியை எங்கள் பக்கம் மைனி என்போம்.

மைனிக்கு அறுபத்திரண்டு, எனக்கு ஐம்பத்தெட்டு. இரண்டு பேருக்கும் முட்டி வலி உண்டு. ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலைந்து மணி நேரம் நடப்பது, வெயில் ஏறினால் நிறுத்திவிடுவது, அடுத்த முறை விட்ட இடத்திலிருந்து தொடங்குவது என்று பேசி வைத்துக்கொண்டோம். பொதிகையிலிருந்து புன்னக்காயல் வரை ஆறு ஏறக்குறைய 125 கிலோமீட்டர்தான். வீடு திரும்பவும் சிரமம் இல்லை. மேல்பக்கம் செங்கோட்டை ரயில் இருக்கிறது, கீழ்பக்கம் திருச்செந்தூர் ரயில் இருக்கிறது, மற்ற இடத்துக்கு பஸ்.

பாபநாசத்துக்கு மேலே புலிகள் காப்பகம். ஆறு பிறக்கும் பூங்குளம் வரை நினைத்தபடி ஏறிப் போக முடியாது. அதனால் பாபநாசநாதர் கோயில் படித்துறையில் காலை நனைத்துத் தொடங்கினோம். தண்ணீர் கண்ணாடி மாதிரி ஓடுகிறது, ஆனால் படியில் கால் வைத்தால் துணி. பரிகாரம் என்று உடுத்திய துணியை ஆற்றில் விட்டுப் போகிறார்கள். மைனி ஒரு கம்பை எடுத்து இரண்டு சேலையையும் ஒரு வேட்டியையும் இழுத்துக் கரையில் போட்டார். "பாவத்தைக் கழிக்க வந்த இடத்துல ஆத்துக்குப் பாவம் செஞ்சிட்டுப் போறாவளே" என்றார். எனக்கும் மனசு ஆறவில்லை. மீனுக்கு ஏது வழி அந்தத் துணிக்குள்?

கோடைமேலழகியான் அணைக்கட்டு, நதியுண்ணி அணைக்கட்டு இரண்டையும் பார்த்தோம். ஆறு மொத்தத்துக்கும் எட்டு அணைக்கட்டு. ஒவ்வொன்றிலும் ஆறு கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னை வாய்க்காலுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறது. பதினோரு மணிக்கு அம்பை ரயில் நிலையம்.

19-1-2025, அம்பாசமுத்திரம் முதல் கல்லிடைக்குறிச்சி தாண்டி

பொங்கல் முடிந்த ஞாயிறு. ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் கல்லிடைக்குறிச்சி, மைனி பிறந்த ஊர். அப்பளம் காயும் வாசனை தெருவுக்கே உண்டு. மைனிக்கு ஒவ்வொரு துறையும் தெரியும். இங்கே ஆம்பளைகள் குளிப்பார்கள், இங்கே மாடு குளிப்பாட்டுவார்கள், இந்தக் கசத்துப் பக்கம் பிள்ளைகளை விடமாட்டார்கள் என்று விரலை நீட்டிச் சொல்லிக்கொண்டே வந்தார்.

அந்தத் துறைகளில் பாதிக்கு இன்று இறங்க வழி இல்லை. சிறுமியாய் மைனி குடம் எடுத்துப் போன பாதையைத் தேடினோம். சீமைக் கருவேலம் மூடிக் கிடக்கிறது. கல்படி மட்டும் முள்ளுக்கு நடுவில் தெரிகிறது. வீட்டுக்கு வீடு குழாய் வந்த பிறகு துறைக்கு யாரும் வருவதில்லை, அப்புறம் பாதை எப்படி இருக்கும்? குழாயைக் குறை சொல்ல மாட்டேன். இடுப்பில் குடம் சுமந்த பெண்களுக்கு அது விடுதலை. ஆனால் நூறு அடி தள்ளி, இன்னும் காலைக் குளியலுக்கு ஆள் வருகிற துறையில், புல் முளைக்காத ஒற்றையடிப் பாதை பளிச்சென்று இருக்கிறது. கரையோரம் நடக்க வேண்டுமானால் குளிக்கிறவர்களைத்தான் நம்ப வேண்டும். இதை இன்றுதான் தெரிந்துகொண்டேன்.

கன்னடியன் அணைக்கட்டின் மேல் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம். மைனி அந்தப் பழைய கதையைச் சொன்னார். கால்வாய் வெட்ட வந்த கன்னட தேசத்துக்காரர் ஒரு பசுவின் பின்னால் நடந்தாராம். பசு போன வழியெல்லாம் கால்வாய், அது படுத்த இடமெல்லாம் குளம், கோமியம் விட்ட இடத்தில் மடை. கதையோ நிஜமோ, அந்தக் கால்வாய் வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடைப் பக்கமெல்லாம் நெல்லை விளையவைக்கிறது. நிலத்தின் வாட்டம் தெரிந்த யாரோ ஒருவர் அந்த வழியை நிச்சயம் நடந்துதான் பார்த்திருக்க வேண்டும்.

2-2-2025, திருப்புடைமருதூர்

இடையில் ஒரு ஞாயிறு மணிமுத்தாறு வந்து சேரும் பக்கம் போனது. அங்கே கரை அறுந்துவிடுவதால் ரோட்டுக்கு ஏறிப் பாலம் வழியாகச் சுற்ற வேண்டும்.

இன்றைய நடைதான் இதுவரை போனதில் சிறந்தது. இடது கைப் பக்கம் ஆறு, வலது கைப் பக்கம் பிசானப் பருவத்து நெல், கதிர் தலை சாய்ந்து நிற்கிறது. வரப்பில் நின்ற ஒரு பெரியவர் கேட்டார்.

"எங்கேர்ந்து வாரிய?"

"பாபநாசத்துலேர்ந்து, அண்ணாச்சி."

"நடந்தா? அம்புட்டுத் தூரமா?"

"ஒரே நாள்ல இல்ல. வாரம் கொஞ்சம் கொஞ்சமா."

அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஆறும் அப்படித்தான் வருது, அணைக்கட்டுக்கு அணைக்கட்டு நின்னு நின்னு" என்றார். முன்னால் போய் முள்ளை ஒதுக்கி வழியும் காட்டிவிட்டார்.

திருப்புடைமருதூரில் எதிர்க்கரையிலிருந்து கடனா ஆறு வந்து சேர்கிறது. நாறும்பூநாதர் கோயிலைச் சுற்றியுள்ள மருத மரங்களில் நாரைகளும் கொக்குகளும் கூடு வைத்திருக்கின்றன. மரத்தடி முழுக்க வெள்ளை எச்சம், காது நிறையக் குஞ்சுகளின் சத்தம். ஊர்க்காரர்களே முன்னின்று காப்பாற்றிய பறவைகள் இவை. 2005-ல் அரசு இதைப் பறவைகளுக்கான பாதுகாப்பகமாக அறிவித்தது. நாட்டிலேயே இந்த வகையில் இதுதான் முதலாவது. ஒரு வீட்டு முற்றத்தில் கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து ஒரு கூடையில் வைத்து மீன் கொடுத்துக்கொண்டிருந்தார் ஒரு அம்மா. "பறக்கத் தெரிஞ்சதும் போயிரும்" என்றார். நான் அந்தக் கூடைப் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

தைப்பூசத்துக்கு இன்னும் ஒன்பது நாள். தீர்த்தவாரிக்காகப் படித்துறையில் செடி வெட்டிக் கொண்டிருந்தார்கள். மைனி என்னைப் பார்த்தார், நான் மைனியைப் பார்த்தேன். இங்கே பாதை பிழைத்துக்கொள்ளும்.

9-2-2025

நடக்கவில்லை. எனக்கு இடது முட்டி வீங்கிவிட்டது. நல்லெண்ணெய், வெந்நீர் ஒத்தடம். காலைப் பேப்பரில் அணை நீர்மட்டம் பார்த்தேன். பாபநாசம் அணை 143 அடி, மணிமுத்தாறு 118 அடி என்று பள்ளிக்கூடத்திலிருந்தே மனப்பாடம். நடக்கத் தொடங்கிய பிறகுதான் அந்த எண்களைப் படிக்கும்போது வயலும் வாய்க்காலும் கண் முன்னே வருகின்றன.

16-2-2025, சேரன்மகாதேவி

முட்டி சொன்னபடி கேட்டது. மெதுவாகத்தான் நடந்தோம். அரியநாயகிபுரம் அணைக்கட்டில் கோடகன் கால்வாய் பிரிகிறது. சேரன்மகாதேவியில் ஆற்றை ஒட்டிய பக்தவத்சலப் பெருமாள் கோயிலில் ஆளே இல்லை. கல் குளிர்ச்சியாக இருந்தது, படுத்துவிட்டோம்.

23-2-2025

சுத்தமல்லி வரை. பாதி தூரம் ரோடுதான். எழுத ஒன்றும் இல்லை.

2-3-2025, சுத்தமல்லி முதல் வண்ணார்பேட்டை வரை

சொந்த ஊரான திருநெல்வேலிக்குள் ஆறு நுழையும் நாள். சுத்தமல்லி அணைக்கட்டில் நெல்லைக் கால்வாய் பிரிகிறது, அதுவரை தண்ணீர் தெளிவு. கருப்பந்துறை தாண்டிக் குறுக்குத்துறை வந்தோம். ஆற்றுக்குள்ளேயே இருக்கும் முருகன் கோயில். வெள்ளம் வந்தால் உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். வெள்ளம் வடிந்ததும் சேற்றை வழித்துவிட்டுப் பூசை தொடங்கும். ஆற்றோடு சண்டை போடாமல் அதற்கு வழிவிட்டுக் கட்டிய கோயில். கரையில் வீடு கட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் பார்க்கக் கூடாதா?

அப்புறம் வந்தது நாற்றம். சாக்கடை ஒவ்வொன்றாக வந்து சேர்கிறது, கறுப்பாக, நுரையோடு. அமலைச் செடி படர்ந்து தண்ணீரே தெரியவில்லை. மைனி மூக்கைப் பொத்தவில்லை. பொத்தினால் அவமானம் என்கிற மாதிரி நிமிர்ந்து நடந்தார். எட்டு வாரம் முன்பு கண்ணாடி மாதிரி பார்த்த அதே தண்ணீர் இது. கீழே சீவலப்பேரிப் பக்கத்து உறைகிணறுகளிலிருந்து தூரத்து ஊர்களுக்கும் குடிக்கப் போகிறது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

சுலோசன முதலியார் பாலத்தின் அடியில் நின்றோம். 1843-ல் திறந்தது, ஒரு மனிதர் தன் சொந்தப் பணத்தில் கட்டிக்கொடுத்தது. அதற்கு முன்னால் படகுக்குக் காத்துக் கிடந்திருக்கிறார்கள். இதே கொக்கிரகுளம் பக்கத்தில்தான் 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் வந்தவர்கள் மேல் தடியடி நடந்தபோது, ஆற்றில் 17 பேர் இறந்தார்கள். அதில் ஒரு கைக்குழந்தை. ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் பூப் போட வருகிறார்கள். நாங்களும் பேசாமல் நின்றுவிட்டு வீட்டுக்குப் போனோம்.

30-3-2025, ஸ்ரீவைகுண்டம்

மூன்று ஞாயிறு சேர்த்து எழுதுகிறேன். சீவலப்பேரியில் சிற்றாறு சேர்ந்தது, முறப்பநாட்டில் ஆறு அகன்று கிடந்தது, மருதூர் அணைக்கட்டு. ஆதிச்சநல்லூர்ப் பரம்பில் பிற்பகல் வெயிலில் நின்று முதுமக்கள் தாழிகளைப் பார்த்தோம். அத்தனை தலைமுறை இந்தக் கரையில் செத்துப் புதைந்திருக்கிறது என்றால் அத்தனை தலைமுறை இங்கே இறங்கிக் குளித்தும் இருக்கிறது.

இன்று ஸ்ரீவைகுண்டம், எட்டில் கடைசி அணைக்கட்டு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் நூற்றுக்கணக்கான பேரோடு இந்த ஊரில்தான் சிக்கி நின்றது. ஊர்க்காரர்கள் தாங்களே வெள்ளத்தில் நிற்கும்போது அவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டார்கள். அணைக்கட்டுக்குக் கீழே ஓரிடத்தில் கரை அரித்துப் போய், படித்துறையின் பாதிக் கல் சாய்ந்து கிடக்கிறது. பாதை அறுந்துபோயிருக்கும் என்று நினைத்துத்தான் போனேன்.

அறுந்த கரையில் யாரோ உடைந்த கல்லையும் பனந்தடியையும் அடுக்கி இறங்க வழி செய்திருக்கிறார்கள். அதற்கு மேலே, பழைய பாதைக்கு இரண்டு கெஜம் தள்ளி, புதிதாக ஒற்றையடித் தடம் விழுந்திருக்கிறது. கீழே மூன்று பெண்கள் துவைத்துக்கொண்டிருந்தார்கள்.

"வழுக்குமா தாயி?" என்று கேட்டார் மைனி.

"வலது பக்கமா கால வச்சு வாங்க, வழுக்காது."

மைனி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நானும் பின்னால் போனேன்.