மேகம் வழியும் முகடு: போடிக் கரட்டில் நான்கு மாதம்

மலையைப் படம் எடுக்க மலைமேல் ஏற வேண்டும் என்றுதான் மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். போடிக்காரனுக்கு அது பெரிய விஷயமில்லை. முந்தல் தாண்டினால் 17 கொண்டை ஊசி வளைவு, அப்புறம் போடிமெட்டு, அதற்கு அந்தப் பக்கம் கேரளா. பூப்பாறை, சூரியநெல்லி, கொழுக்குமலை என்று லீவு கிடைத்த ஞாயிறெல்லாம் வண்டியை எடுத்துவிடுவேன். (கொழுக்குமலை இருப்பது எங்கள் தேனி மாவட்டத்தில். ஜீப் போவது கேரளத்துச் சூரியநெல்லி வழியாக. இதை வெளியூர் நண்பர்களுக்கு விளக்கி விளக்கி ஓய்ந்துவிட்டேன்.)

அப்படி எடுத்தது நாலாயிரம் படத்துக்கு மேல் இருக்கும். எனக்கு ஏலக்காய்க் கடையில் கணக்கு வேலை. 8 மில்லி சல்லடையில் காய் சலிப்பதைத் தினமும் பார்ப்பவன். படங்களையும் ஒருநாள் உட்கார்ந்து அப்படிச் சலித்தேன். மேலே நின்றது பதினொன்று. அந்தப் பதினொன்றிலும் ஏழு, கொழுக்குமலைச் சூரிய உதயம். அங்கே போகிற எல்லோரும் அதே பாறையில் நின்று எடுக்கிற அதே படம்.

இந்த ஜூன் முதல் வாரத்தில், கடை மொட்டை மாடியில் காயப்போட்ட சாக்கை எடுக்கப் போனபோது மேற்கே பார்த்தேன். முகட்டைத் தாண்டி மேகம் இந்தப் பக்கம் வழிந்துகொண்டிருந்தது. பால் பொங்கிப் பாத்திரத்தின் விளிம்பில் இறங்குமே, அந்த மாதிரி. சின்ன வயதிலிருந்து ஒவ்வொரு ஆனி ஆடிக்கும் பார்க்கிற காட்சிதான். அதைப் படமாக எடுக்கலாம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

மறுநாள் சாயங்காலமே கேமராவை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே இருக்கும் கரட்டுக்கு, அதாவது சின்னப் பாறைக் குன்றுக்குப் போய்விட்டேன். பழைய கேனான், கையில் இருந்தது 18-55 லென்ஸ். மலை முழுவதும் வரட்டும் என்று, அகலமாகக் காட்டும் 18-இல் வைத்து எடுத்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்தால், மேலே வெறும் வானம், கீழே வெறும் காடு, நடுவில் சாக்பீஸால் இழுத்த கோடு மாதிரி ஏதோ ஒன்று. அதுதான் மேகம். கண் தனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்கிறது, லென்ஸுக்கு அந்த வித்தை தெரியாது. தூரத்து மலைக்கு அகல லென்ஸ் ஆகாது என்று அன்றைக்குப் புரிந்தது. அதுவரை அலமாரியில் தூங்கிய, தூரத்தைக் கிட்டே இழுத்துக் காட்டும் 55-250 லென்ஸ் வெளியே வந்தது.

அடுத்த இரண்டு வாரம் வீண்தான். ஆனால் அதிகம் கற்றுக்கொண்டதும் அப்போதுதான். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், வயல் ஓரம் ட்ரைபாட் போட்டு 250-இல் எடுத்தேன். எல்லாமே மொழுக்கென்று வந்தது. முதலில் ட்ரைபாடைச் சந்தேகப்பட்டேன். கேமராவைத் தொடாமல் படம் எடுக்கக் கேபிள் ரிலீஸ் வாங்கினேன். பிறகு லென்ஸைச் சந்தேகப்பட்டேன். ட்ரைபாடில் வைத்தால் லென்ஸின் ஆட்டம் குறைக்கும் ஸ்டெபிலைசரை அணைக்க வேண்டும் என்று தெரிந்து அதையும் அணைத்தேன். ஒன்றும் மாறவில்லை. எங்கள் தெரு ஸ்டுடியோ அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். முப்பது வருஷம் கல்யாண வீடுகளில் நின்றவர். படத்தை இரண்டு நிமிஷம் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, வெயில்ல ரோட்டுல தண்ணி நிக்கிற மாதிரி தெரியும்ல? அதுதான் உன் லென்ஸுக்கு முன்னாடியும் நிக்குது" என்றார்.

நம்பிக்கை வரவில்லை. மறுநாள் சோதித்துப் பார்த்தேன். 100 மீட்டரில் இருந்த மின்கம்பத்தை எடுத்தேன், பீங்கான் குமிழ் வரைக்கும் சுத்தமாக வந்தது. அப்படியே மலை முகட்டுக்குத் திருப்பி, லைவ் வியூவில் பத்து மடங்கு பெரிதாக்கினேன். முகட்டு மரங்கள் தண்ணீருக்குள் இருப்பதுபோல நெளிந்தன. கம்பத்துக்கும் கேமராவுக்கும் நடுவில் கொஞ்சம் காற்று, முகட்டுக்கு நடுவில் பத்து கிலோமீட்டர் காற்று. அதில் பாதி, வெயிலில் காய்ந்த தரையை ஒட்டிக் கிடக்கிறது. எத்தனை ஆயிரம் கொடுத்து எந்த லென்ஸ் வாங்கினாலும் இந்தக் கானல் போகாது. தரையை விட்டு உயரத்துக்குப் போக வேண்டும், வெயில் தாழ வேண்டும். சாரல் அடித்துத் தரை நனைந்த நாளாக இருந்தால் இன்னும் நல்லது. அதோடு மத்தியானப் படத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, கரட்டு உச்சிக்கு நாலரை மணிக்குமேல் போவது என்று வைத்துக்கொண்டேன்.

காலையில் போகக்கூடாதா என்று கேட்கலாம். போனேன். கிழக்கு வெயில் மலையின் முகத்தில் நேராக அடிக்கிறது. எல்லாம் தட்டையாக, பாஸ்போர்ட் போட்டோ மாதிரி வருகிறது. சாயங்காலம் சூரியன் முகட்டுக்குப் பின்னால் இறங்கும்போதுதான் வழிகிற மேகத்தின் ஓரம் பற்றிக்கொள்கிறது. ஒரு சிக்கல், மலை மறைப்பதால் நாட்காட்டியில் போட்டிருக்கும் சூரிய அஸ்தமன நேரம் எங்கள் ஊருக்கு உதவாது. அதற்கு வெகுநேரம் முன்பே வெளிச்சம் போய்விடுகிறது. சூரியன் இறங்கும் இடமும் நகர்கிறது. ஆனியில் குரங்கணிப் பக்கமாகச் சாய்ந்து இறங்குவது, புரட்டாசியில் போடிமெட்டுப் பக்கம் வந்துவிடுகிறது. ஆகவே ஒரே கரட்டில் நின்றும் எனக்கு வாராவாரம் வேறு மலை கிடைத்தது.

இந்த மேகம் ஏன் வழிகிறது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் ஷட்டர் வேகம் பிடிபட்டது. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வந்து கேரளச் சரிவில் ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து மேகமாகி, அங்கேயே பெரும்பகுதியைக் கொட்டிவிடுகிறது. மிச்சம் முகட்டைத் தாண்டி எங்கள் பக்கம் இறங்குகிறது. இறங்கும் காற்று சூடாகும். மேகம் கரைந்த பிறகு ஒவ்வொரு 100 மீட்டர் இறக்கத்துக்கும் ஏறத்தாழ 1 டிகிரி. அதனால் பாதிச் சரிவு வருவதற்குள் மேகம் ஆவியாகி மாயமாகிவிடுகிறது. மூணாறில் குடை பிடித்து நடக்கும் அதே நேரத்தில் போடியில் வடகம் காய்வதற்கு இதுதான் காரணம்.

கரட்டில் உட்கார்ந்து பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். மேகம் இறங்கிக்கொண்டே இருக்கிறது, ஆனால் அதன் கீழ் விளிம்பு அதே இடத்தில் நிற்கிறது. மேலிருந்து வர வர, கீழே கரைந்துகொண்டே இருக்கிறது. இதை 1/500 விநாடியில் எடுத்தால் மலையில் பஞ்சு ஒட்டிவைத்த மாதிரி இருக்கும். ஓட்டமே தெரியாது. சரி, அருவிப் படம் போல நீளமாக எடுப்போம் என்று 30 விநாடி வைத்தேன். கோலமாவைக் கரைத்து ஊற்றிய மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் 2 முதல் 4 விநாடிக்குள் வைத்தபோதுதான் இழை இழையாக, மேலிருந்து கீழே சீவிவிட்ட மாதிரி வந்தது. காற்று வேகமான நாளில் 2, மந்தமான நாளில் 4. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆடி பிறந்துவிட்டது.

வெளிச்சத்தில் 2 விநாடி வைக்க என்டி ஃபில்டர் வேண்டும், லென்ஸுக்கு முன்னால் மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி. ஆறு ஸ்டாப் ஒன்று விலை குறைவாகக் கிடைத்ததை வாங்கினேன். படமெல்லாம் பழைய ஆல்பம் மாதிரி பழுப்பேறியது. கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில் எடுத்து, பிறகு கணினியில் வெண்சமநிலையை (நிறச் சாயலை) மாற்றினால் முக்கால்வாசி சரியாகிறது. மீதிக் கால்வாசியை மாலை வெயில் என்று சொல்லிச் சமாளித்துக்கொள்கிறேன்.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். என் ட்ரைபாட் அம்மியில் பத்தில் ஒரு பங்கு எடைகூட இருக்காது. நடுக்கம்பியில் பையைத் தொங்கவிட்டால் நிற்கும் என்று படித்துவிட்டு, பை நிறையக் கல்லைப் போட்டுத் தொங்கவிட்டேன். பை ஊஞ்சலாடியது, கூடவே கேமராவும். பை தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி கயிற்றை நீட்டிக் கட்டினால் ஆட்டம் நிற்கிறது. நடுக்கம்பியை உயர்த்தவே கூடாது. கால்களையும் கடைசி மடிப்பு வரை நீட்டாமல், பாறைக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து எடுக்கிறேன். முட்டி வலிக்கிறது, படம் ஆடவில்லை.

வெளிச்சம் அளப்பதிலும் அடி வாங்கினேன். மேகம் நிறைந்த படத்தில் கேமரா தானாக அளந்தால் வெள்ளை சாம்பலாகிறது. கூட்டி வைத்தால், சூரியன் பின்னால் இருக்கும்போது ஓரம் வெளுத்துச் செத்துப்போகிறது. இப்போது கேமராத் திரையில் தெரியும் படத்தை நம்புவதில்லை, வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தை முட்டுவதற்குச் சற்று முன்னால் நிறுத்துகிறேன். மலைச்சரிவு கறுத்துப் போகும். போகட்டும். வெவ்வேறு வெளிச்ச அளவில் எடுத்த மூன்று படத்தை ஒட்டிச் சரிவின் பச்சையையும் கொண்டுவந்து பார்த்தேன். மளிகைக்கடைக் காலண்டர் மாதிரி இருந்தது. சாயங்காலம் அந்த மலை கறுப்பாகத்தான் தெரியும்.

இவ்வளவும் சரியாக வைத்துக்கொண்டு கரட்டில் போய் உட்கார்ந்தால், பாதி நாள் மேகமே வராது. அல்லது முகட்டையே முழுங்கிக்கொண்டு ஒரு சாம்பல் சுவராக நிற்கும். போனில் வானிலை பார்த்தால் போடிக்கு "மேகமூட்டம்" என்று போடுகிறது. மூன்று மாதமும் அதையேதான் போட்டது.

விடை வீட்டுக்குள் இருந்தது. என் சித்தி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர். விடிகாலையில் இங்கிருந்து ஜீப்பில் ஏறி மெட்டுத் தாண்டிப் போய், சாயங்காலம் திரும்புகிற கூட்டத்தில் ஒருவர். ஜூலை நடுவில் ஒருநாள் ஏதோ வேறு விஷயமாக மூன்று மணிக்குப் போன் செய்தேன். "ஒண்ணும் கேக்கலடா, மழையும் காத்தும் பிச்சு எடுக்குது, பக்கத்துச் செடி தெரியல, ஒரே மஞ்சு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அன்றைக்கு நாலே முக்காலுக்கு இந்தப் பக்கம் மேகம் கொட்டியது. நான் கடையில் இன்வாய்ஸ் போட்டுக்கொண்டிருந்தேன்.

அதிலிருந்து மூன்று மணிக்கு சித்திக்குப் போன் போடுவது வழக்கமானது. மழை மட்டும் இருந்து காற்று இல்லையென்றால் மேகம் அந்தப் பக்கமே கிடக்கும். காற்று மட்டும் இருந்தால் வானம் காலி. மஞ்சும் காற்றும் சேர்ந்திருக்க வேண்டும், இங்கே வெயிலும் இருக்க வேண்டும். சித்தி இப்போது நான் கேட்பதற்கு முன்னாலேயே, "இருக்குடா, போ" அல்லது "இன்னிக்கு ஒண்ணுமில்ல, வேலையப் பாரு" என்று சொல்லிவிடுகிறார். பத்துக்கு ஏழு முறை சரியாக இருந்தது.

நடுவில் ஒரு தடவை, மேகத்தை மேலிருந்தே எடுத்தால் என்ன என்று ராமக்கல்மேட்டுக்குப் போனேன். காற்றாலைகள் நிற்கிற இடம், காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மூன்று மணி நேரம் மேகத்துக்குள்ளேயே நின்றேன். ஐந்து நிமிஷம் திறந்தது. கீழே கம்பம் பள்ளத்தாக்கில் வெயில் திட்டுத்திட்டாக நகர்ந்ததில் நான்கு படம். லென்ஸில் நீர்த்திவலை, நான்கும் பாழ். குரங்கணிப் பாதையில் ஏறலாம் என்றும் ஒரு யோசனை இருந்தது. டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குத் தேயிலை ரோப்வேயில் இறங்கிய பக்கம் அது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஓடிய சின்ன ரயிலை 1924 வெள்ளம் கொண்டுபோய்விட்டது. ஆனால் அங்கே நடக்க வனத்துறை அனுமதி வாங்க வேண்டும். அதைவிடப் பெரியது அம்மாவின் அனுமதி. 2018 மார்ச் காட்டுத்தீக்குப் பிறகு எங்கள் வீட்டில் குரங்கணிக்கு மலையேறப் போகிறேன் என்று பேச்செடுக்க முடியாது. விட்டுவிட்டேன்.

செப்டம்பர் இரண்டாம் வாரம். சித்தி "இருக்குடா, சீக்கிரம் போ" என்றார். முதலாளியிடம் பல் வலி என்றேன். நாலு இருபதுக்குக் கரட்டில் இருந்தேன். ஐந்து மணிவரை முகட்டில் ஒரு விரல் தடிமனுக்குத்தான் மேகம். பிறகு போடிமெட்டுக்கு வலது பக்கத்துத் தாழ்வில் உடைந்து இறங்க ஆரம்பித்தது. லென்ஸை 135-இல் வைத்து, துவாரத்தைச் சிறிதாக்கி எஃப் 11, ஐஎஸ்ஓ 100, இரண்டரை விநாடி. நாற்பத்தொரு படம். காற்று வீச்சுக்கு நடுவில் மூச்சு விடுகிற இடைவெளி பார்த்து அழுத்தினேன். தேறியது மூன்று. மூன்றில் ஒன்றில், வெளிச்சம் குறைந்த பிறகு எடுத்தது, கீழே மலை ரோட்டில் ஒரு வளைவில் இறங்கும் வண்டியின் விளக்கு சின்னக் கீற்றாக விழுந்திருக்கிறது. நான் எடுக்கும்போது கவனிக்கவே இல்லை.

அதைப் பன்னிரண்டுக்குப் பதினெட்டு பிரிண்ட் போட்டு சித்தி வீட்டுக்குக் கொண்டுபோனேன். மேகத்தை அவர் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. தினமும் அதற்குள் நனைகிறவருக்கு அது என்ன அதிசயம்? விளக்குக் கீற்றில் விரலை வைத்து, "இது எங்க ஜீப்பாடா?" என்றார். நேரத்தைப் பார்த்தால் இருக்கலாம் என்றேன். "அப்ப நான் முன் சீட்டுல இருந்தேன்" என்று சொல்லிவிட்டு, சித்தப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

ஐப்பசி பிறந்ததும் காற்று திரும்பிவிட்டது. இனி வடகிழக்கு மழை, மேகம் இந்தப் பக்கமே கட்டிக்கொண்டு நிற்கும். வழிவதற்கு அடுத்த ஜூன் ஆக வேண்டும். அதற்குள் இரண்டு வேலை இருக்கிறது. கரட்டிலிருந்து பார்த்தால் படத்தின் இடது மூலையில் ஒரு மின்கம்பி குறுக்கே வருகிறது. நாற்பதடி தள்ளி வேறு பாறை பார்க்க வேண்டும். அப்புறம் எஃப் 11-இல் வைத்ததால் சென்சார் தூசி எல்லாம் வானத்தில் தெரிகிறது, ஏழு புள்ளி எண்ணினேன். ஊதுகுழலில் ஊதியதில் இரண்டு போனது, புதிதாக ஒன்று வந்திருக்கிறது.